சிவலையின் சாணம்

அந்த மிருக வைத்தியரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை.

கல்யாண ஊர்வலங்களுக்கு விடுவதற்காகப் புத்தூரில் இரண்டு குதிரைகள் வைத்திருக்கிறேன். செந்நிறச் சிவலை கொழுகொழுவென்று இருக்கும். வெள்ளையோ எலும்பும் தோலுமாக இருக்கும். அதனால் வெள்ளைக்கு மட்டும் அமாவாசைக்கு அமாவாசை பூச்சி மருந்தைப் பனங்கட்டியில் குழைத்து விரலால் வாய்க்குள் தீத்துவேன்.

“மருந்தை நிப்பாட்டுங்கோ அண்ணை. முதலிலை சாணத்தைக் கொண்டு வாங்கோ, பூச்சி முட்டை இருக்கோ எண்டு பாப்பம்,” என்றார் அவர்.

என் குதிரையைப் பற்றி எனக்கே பாடமா? அவர் முகத்தில் கரி பூசுவதற்காகவே சிவலையின் சாணத்தை அள்ளிப் போய், வெள்ளையுடையது என்று கொடுத்தேன்.

“முட்டை நிறைய இருக்கு. மருந்து குடுக்கத்தான் வேணும்,” என்றார்.

“உது கொழுத்த குதிரையின்ரை சாணம்!” என்று வைத்தியசாலையில் இருந்த எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன்.

“அப்ப கொழுத்ததுக்குத்தான் பூச்சி,” என்றார், நிமிர்ந்தும் பாராமல்.

பிறகு கொண்டுபோன வெள்ளையின் சாணத்தில் ஒரு முட்டைகூட இல்லை. வீட்டுக்கு வந்து அதன் வாயைத் திறந்து காட்டினார். கூராக வளர்ந்த கடைவாய்ப் பல் கன்னத்தைக் கிழித்திருந்தது. தின்ன முடியாமல்தான் மெலிந்திருக்கிறது. அந்தப் புண்ணுக்குள்தான் நான் மாதாமாதம் விரலை விட்டிருக்கிறேன்.

பல்லை அரத்தால் ராவிவிட்டுப் போனார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

வெள்ளை இப்போது நன்றாகத் தின்கிறது. என் கையைக் கண்டால் மட்டும் வாயை இறுக மூடிக்கொள்கிறது.