கனத்த பாட்டில்

என் பச்சை பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வைத்தியர் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. களவுப் பொருளோடு பிடிபட்டவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இத்தனைக்கும் அதில் இருந்தது வெறும் தண்ணீர். காலையில் வீட்டில் பிடித்தது, மாலை ஐந்தரை மணிக்கும் கழுத்துவரை அப்படியே இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் உடையார்பாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடுநிலைப்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். வீடு அரியலூரில். மூன்று வருடமாக எனக்குத் தலைவலி. மதியச் சாப்பாட்டு மணி அடித்த கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டில் பிடித்துக்கொண்டால் மறுநாள் காலைவரை விடாது. கூடவே நீர்க்கடுப்பு. மாத்திரை போட்டால் அடங்கும், இருபது நாளில் திரும்ப வந்து நிற்கும். திருச்சிவரை போய்ப் பார்த்தாயிற்று. ஒருநாள் வலி தாங்காமல், ஒன்றுமே செய்யாத பிள்ளை ஒன்றை அடித்துவிட்டேன். அது அழக்கூட இல்லை, என்னையே பார்த்தது. அன்று மாலையே வேலையை விடுவதாகக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். "விட்டுடும்மா, ஒடம்புதான் முக்கியம்" என்றார் கணவர். எனக்கோ அந்த வேலைதான் உயிர். கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒருவரைப் பார்த்துவிடுவோம் என்றுதான் வைத்தியரிடம் போனேன். நம்பிக்கை எல்லாம் கிடையாது.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய வைத்தியசாலை. ஆயுர்வேதம் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர். ஐம்பது வயதிருக்கும். சளி, காய்ச்சல் என்று வந்தவர்களைச் சீக்கிரம் அனுப்பிவிடுவார். வருடக்கணக்கில் நோயோடு இருப்பவர்களிடம் மட்டும் நாடியைக்கூடப் பிடிக்காமல் ஒன்று கேட்பார். "நேத்து எந்திரிச்சதுலேருந்து படுத்தது வரைக்கும் சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்ல."

எனக்கு முன்னால் வந்த லாரி டிரைவர் எந்தப் பக்கம் வெயில் அடிக்கும், எந்தக் காலை மடக்கி உட்காருவார் என்பதெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. என் முறை வந்ததும் ஏழேகால் பஸ், நின்றபடி பயணம், பாடம், தயிர்சாதம், திரும்ப பஸ் என்று கடகடவென்று சொன்னேன். தண்ணீர் குடிப்பீர்களா என்று கேட்டார். "நல்லா குடிப்பேங்க" என்றேன், கூசாமல். கேட்டுக்கொண்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார். மருந்து? ஒரு பொட்டலம்கூட இல்லை! அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே வெறுங்கை. இந்த மனுஷனுக்கு வைத்தியம் தெரியுமா என்று வீட்டில் கத்தித் தீர்த்தேன்.

மூன்றாவது வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் போனேன். சொல்லி முடித்ததும் வைத்தியர் மெதுவாகக் கேட்டார்.

"மூணு வாரமா எல்லாம் சொன்னீங்க டீச்சர். பள்ளிக்கூடத்துல ஒண்ணுக்குப் போனேன்னு ஒருநாள்கூடச் சொல்லலீங்களே?"

அப்போதுதான் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாட்டிலை எடுத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் பள்ளியில் இருந்தது ஒரே ஒரு கழிப்பறை. ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்காகச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அதைப் பூட்டியே வைத்திருந்தார்கள். சாவி தலைமை ஆசிரியரின் மேஜை டிராயரில். ஆண்கள் முந்திரிக்காட்டுப் பக்கம் போய் வந்துவிடுவார்கள். நாங்கள் மூன்று ஆசிரியைகள், காலை முதல் மாலைவரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. இதை எங்களுக்குள் பேசிக்கொண்டதுகூட இல்லை. பார்த்த டாக்டர்கள் யாரிடமும் நான் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றாத அளவுக்கு அது பழகிப்போயிருந்தது. மூன்று வருடமாக யாருக்கும் தெரியாததை, நான் சொல்லாமல் விட்டதைக் கேட்டே ஒருவர் கண்டுபிடித்துவிட்டாரே என்று மலைத்துப்போய் அவரைப் பார்த்தேன்.

"நாளெல்லாம் அடக்கி வெச்சா ஒடம்பு எங்கதாங்க போயி சொல்லும்?" என்றபடி சீட்டு எழுதினார். சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று, இரண்டு வாரத்துக்குக் கஷாயம் ஒன்று. இரண்டுக்கும் மேலே, முதல் வரியில், 'சாவி' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். "மொதல்ல இத வாங்குங்க. இது இல்லாம மத்தது வேல செய்யாது."

வாசலைத் தாண்டப் போனவளை மறுபடி கூப்பிட்டார். "உங்க கிளாஸ்ல பொம்பளப் புள்ளைங்க எங்க போவுதுங்க?"

அந்த மாதம் காலை வழிபாட்டில் இரண்டு சிறுமிகள் மயங்கி விழுந்திருந்தார்கள். சாப்பிடாமல் வந்தீர்களா என்று அவர்களைத் திட்டியவள் நான்தான்.

மறுநாள் சீட்டைத் தலைமை ஆசிரியர் முன்னால் வைத்தேன். "என்னம்மா இது, சாவின்னு எழுதிருக்கு?" என்றார். சொன்னேன். ஒரு ஆணிடம் அதைச் சொல்வது அந்த நாளில் எனக்கு எவ்வளவு பெரிய காரியம்! அவர் முகம் கறுத்துச் சிறுத்துவிட்டது. டிராயரைத் திறந்தபடி, "டீச்சருங்க மட்டும் வெச்சுக்குங்க" என்றார். "புள்ளைங்களுக்கும் சேத்துதான் சார்" என்றேன். குரல் என்னுடையதா என்று எனக்கே சந்தேகம். சாவியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

தலைவலி ஒரே நாளில் ஓடிவிடவில்லை. வைத்தியர் சாப்பாட்டு நேரத்தை மாற்றினார், எண்ணெய் கொடுத்தார், கஷாயத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் முதலில் பாட்டிலைத்தான் கேட்டார். முழுப் பரீட்சைக்குள் வலி நின்றது. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

இப்போது பெரம்பலூர் பக்கம் ஒரு பள்ளியில் நான் தலைமை ஆசிரியை. மாலை மணி அடித்ததும் வாசலில் போய் நிற்பேன். சிறுமிகள் தங்கள் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டி, "காலி டீச்சர்!" என்று சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி போன வாரம் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். வாங்கிப் பார்த்தேன், கனத்தது. கழிப்பறை திறந்துதான் இருக்கிறது, தண்ணீரும் வருகிறது. பிறகு ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. என் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போனால் போகிறது என்று படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நேத்து எந்திரிச்சதுலேருந்து சொல்லும்மா" என்றேன். "ஒண்ணும் அவசரமில்ல."