அக்காவுக்குப் பிடிக்காத ஒரு படம்

என் அக்காவிடம் சினிமாவைப் பற்றிப் பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது. ஜெயிப்பது இருக்கட்டும், பேச்சு சூடு பிடிப்பதற்குள் கையில் பஞ்சை வைத்து, "மடக்கிப் பிடிங்க, அஞ்சு நிமிஷம் தேய்க்காதீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். அவள் ஒரு லேப்பில் ரத்தம் எடுப்பவள். இருபத்தாறு வருஷமாக அதே வேலை, அதே உயரமில்லாத ஸ்டூல், எதிரே கை வைக்கப் பலகை போட்ட அதே நாற்காலி.

லேப் காலை ஆறரைக்குத் திறக்கும். வருகிறவர்கள் எல்லாரும் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள். காபி குடிக்காத முகம் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதில் பாதிப் பேருக்கு ஊசி என்றாலே பயம். பெரிய மீசை வைத்தவர்கள்தான் முதலில் மயங்கி விழுவார்கள் என்பது அக்காவின் கணக்கு.

அவளுடைய வழி இதுதான். மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே, யாரோ எவரோ என்று பார்க்காமல் கேட்பாள்.

"கடைசியா என்ன படம் பாத்தீங்க?"

"அந்தப் போலீஸ் படம். நேத்துதான் பாத்தேன். பிரமாதம்."

"அதுவா? எனக்கு ஒண்ணும் பெருசா தோணலையே. ரெண்டாவது பாதி ஒரே இழுவை."

"என்னம்மா இழுவைங்கறீங்க? அந்தக் கோர்ட் சீன் ஒண்ணு போதாதா?"

'கோர்ட்' என்று வாய் திறக்கும்போது ஊசி உள்ளே போயிருக்கும். அவர் வக்கீலின் வாதத்தை விளக்கி முடிக்கும்போது ஊதா மூடி, சிவப்பு மூடி, சாம்பல் மூடி என்று மூன்று டியூபும் நிறைந்திருக்கும். வந்தவர் படம் நல்லா இருக்கு என்றால் இவள் மோசம் என்பாள். அவர் மோசம் என்றால் இவள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாள். லேப்பில் அவளுக்கு வைத்திருக்கிற பட்டப்பெயர் வக்கீலம்மா.

"நரம்பு கிடைக்காத ஆளைக்கூட சமாளிச்சிடலாம்டா. 'பரவால்ல, ஒரு தடவ பாக்கலாம்'னு சொல்றான் பாரு, அவன்தான் கஷ்டம். அவன்கிட்ட எங்கன்னு குத்துறது?" என்பாள்.

ஒருமுறை ஒருவர் புகார் புத்தகத்தில் முழுப் பக்கத்துக்கு எழுதிவிட்டுப் போனார். ரத்தம் எடுக்க வந்த இடத்தில் தன் அபிமான நடிகரை அவமானப்படுத்திவிட்டார்களாம். வலித்தது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. ஆறு மாதம் கழித்து அதே மனிதர் வந்து, "அந்த அம்மா இருந்தாத்தான் உக்காருவேன்" என்று வரிசையை விட்டு விலகி நின்றார்.

இந்த வித்தைக்கு நானும் தப்பவில்லை. எனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க அவளிடம்தான் போனேன். எனக்கு உயிரான ஒரு படத்தை, 'பாட்டுக்கு நடுவுல கொஞ்சம் கதை' என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், கூடப் பிறந்தவள் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். வெளியே வந்து பார்த்தால் முழங்கை மடிப்பில் பஞ்சு இருக்கிறது. எப்போது குத்தினாள் என்று எனக்குத் தெரியாது.

சாயந்திரம் கேட்டேன். "அந்தப் படம் நிஜமாவே உனக்குப் பிடிக்கலையாக்கா?"

"எந்தப் படம்?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அத்தானை இழுத்துக்கொண்டு பகல் காட்சிக்குப் போகிறாள். வாரத்துக்கு இரண்டு படம் போனில் வேறு. அத்தனையும் பார்ப்பது, எந்த இடத்தில் கை வைத்தால் யாருக்குக் கோபம் வரும் என்று தெரிந்துகொள்ள. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று அவள் வீட்டில் யாருக்குமே தெரியாது. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிற அத்தானுக்கும் தெரியாது. அவர் இடைவேளை வரைக்கும் தூங்கிவிட்டு, எழுந்த பிறகு பார்த்த பாதியை வைத்தே முழுப் படத்தின் விமர்சனத்தையும் சொல்கிற ரகம்.

அக்காவின் ஒரே மகளை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். இருபத்து நாலு வயது. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிற ஸ்டுடியோவில் வேலை. எட்டு மாதம் லீவு நாளெல்லாம் அலைந்து, சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்திருந்தாள். இருபத்திரண்டு நிமிஷம். ஒரு போட்டிக்காக. அதில் தேர்வானால் பெரிய படம் ஒன்றில் உதவி இயக்குநராகச் சேர்த்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை சாயந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் எங்களை உட்காரவைத்து டிவியில் போட்டாள்.

போடுவதற்கு முன் அக்காவுக்கு நேராக நின்றுகொண்டாள்.

"அம்மா, இதுவரைக்கும் பதினேழு பேர் பாத்துட்டாங்க. எல்லாரும் சூப்பர்ங்கறாங்க. ரெண்டு பேர் சொன்னா நம்பலாம். பதினேழு பேரும் அதையே சொன்னா பயமா இருக்கும்மா. நீ மட்டும் நிஜத்தச் சொல்லு. உன் லேப் வேலையெல்லாம் இங்க வேணாம்."

"சரி, போடு" என்றாள் அக்கா.

படத்தில் ஒரு அம்மா. லேப்பில் ரத்தம் எடுக்கிறவள். சிநேகிதி ஒருத்தியின் சித்தி நடித்திருந்தார். விடியும் முன்னே இருட்டில் தனியாகப் பஸ்ஸுக்கு நிற்கிறாள். லேப்பில் ஆளாளுக்கு அவள் மேல் எரிந்து விழுகிறார்கள். பாத்ரூமுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறாள். கடைசியில் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே அழுகிறாள். அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை. பின்னால் வயலின்.

நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊரார் பார்வையைச் சரிசெய்கிற எனக்கே திரை மங்கலாகிவிட்டது. அத்தானைப் பார்த்தேன். அவர் தூங்கவே இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஒரு படத்தை முதலிலிருந்து கடைசிவரை அவர் விழித்திருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

அக்கா மட்டும் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். "இன்னொரு வாட்டி போடு" என்றாள். பாப்பா போட்டாள். அதையும் அசையாமல் பார்த்தாள். நடுவில் ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள்.

"பட்டைய அவுக்காமலே ஊசிய உருவுறா. ரத்தம் பீச்சி அடிக்கும்."

முடிந்ததும் பாப்பா கேட்டாள். "எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இல்ல" என்றாள் அக்கா.

அத்தான் கைதட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பாப்பா எழுந்து வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மாமா, கேட்டீங்களா? அம்மா நல்லா இல்லன்னுட்டாங்க. அப்ப தேறிடும்."

"உங்கம்மா வாயால அந்த வார்த்தை வந்துட்டா பரிசு நமக்குத்தான்" என்றார் அத்தான்.

எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. அக்கா குழம்பு சரியில்லை என்றால் இன்னொரு கரண்டி கேட்கப்போகிறாள் என்று அர்த்தம். அவள் வாயிலிருந்து வருவதைத் திருப்பிப் போட்டுப் படிப்பது எங்களுக்குப் பழகிவிட்டது. பாப்பா உடனே போனை எடுத்துச் சிநேகிதர்களுக்குச் சொல்லப் போய்விட்டாள். "இன்னிக்கே அனுப்பிடலாம்டி" என்று அவள் சொல்வது கேட்டது.

அக்கா எழுந்து துணி காயப்போடுகிற பக்கம் போனாள். காய்ந்தும் காயாத துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"நான் நிஜமாத்தான்டா சொன்னேன்" என்றாள்.

எனக்குப் பக்கென்றது. "என்னக்கா சொல்ற? நான் அழுதேனே."

"நீ எதுக்குத்தான் அழல."

"சரி, விடேன். புள்ள சந்தோஷமா இருக்கா. நீ சொல்ல வேண்டியதச் சொல்லிட்ட. அவ தப்பா எடுத்துக்கிட்டா நீ என்ன பண்ணுவ? அனுப்பட்டும். வந்தா வரட்டும்."

நான் சொன்னது நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை, பொய்யும் இல்லை. அக்கா கையிலிருந்த சட்டையை அரைகுறையாக மடித்தபடி வைத்துவிட்டாள்.

"அவ என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான்டா கேட்டா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பாப்பாவின் கையிலிருந்து போனை வாங்கிக் கட்டிலில் போட்டாள். அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தானும் எதிரே உட்கார்ந்தாள். வேலையில் அக்கா யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. அவள் கண் எதிராளியின் கையில்தான் இருக்கும். வீட்டிலும் எதையாவது நறுக்கிக்கொண்டோ தேடிக்கொண்டோதான் பேசுவாள். அன்றைக்கு மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள். பாப்பாவின் சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

"அம்மா?"

"நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னுதான் அர்த்தம்."

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் டிவியைப் பார்த்தார். அது அணைந்துதான் இருந்தது.

"என்ன நல்லா இல்ல?"

"அந்தப் பொம்பள யாரு?"

"அது... நீதாம்மா."

"நான் எப்ப பாத்ரூம்ல போய் அழுதேன்?"

"நீ எங்ககிட்ட காட்டிக்கல. எவ்வளவு கஷ்டப்பட்டிருக்க."

"கஷ்டந்தான். இல்லன்னு யாரு சொன்னா? நிக்க நிக்கக் காலு கடுக்கும். அதுக்காக என்னைய ஒரு பாவப்பட்ட ஜென்மமா ஆக்கிட்டியே. ஒரு நாளைக்கு எழுபது கை என் முன்னால வருது. எழுபதும் பயந்த கை. ஒண்ணுகூட நோகாம அனுப்பின நாளு எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? பஸ்ல வர்றப்போ எனக்கு நானே சிரிச்சிட்டு வருவேன். அந்த மாதிரி ஒரு சீன் இருக்கா இதுல? அந்தம்மாவுக்குத் தன் வேலை பிடிக்கவே இல்ல. வேலை பிடிக்காதவ ஊசி குத்துனா வலிக்கும். அவகிட்ட நான்கூடக் கைய நீட்ட மாட்டேன்."

அத்தான் இடையில் புகுந்தார். "சின்னப் புள்ள ஆசையா எடுத்திருக்கு..."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா.

பாப்பாவின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவளும் அக்கா வயிற்றில் பிறந்தவள்தானே, விட்டுக்கொடுப்பாளா?

"நான் பாத்தத எடுத்தேன்" என்றாள். "நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடி நீ போயிடுவ. வர்றப்போ மூஞ்சியெல்லாம் வாடிப்போய் வருவ. சாப்பிட்டு உக்காந்தபடியே தூங்குவ. எனக்குத் தெரிஞ்ச அம்மா இவ்வளவுதான். நீ சிரிச்சிட்டே பஸ்ல வருவேன்னு எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குள்ள வர்றப்போ அந்தச் சிரிப்பு இருக்காதே."

அக்கா வாயடைத்துப் போனதை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். எத்தனை பேரை மடக்கியவள். மகள் சொன்னதற்கு எதிராக ஒரு வார்த்தை அகப்படவில்லை அவளுக்கு. பாப்பா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அக்கா மேல் கோபம் கோபமாக வந்தது. அதோடு, அவள் சொன்னது சரி என்றும் பட்டது. அதனால் இன்னும் கோபம் வந்தது. டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சினிமாவுக்குப் போகவில்லை. நானும் போன் செய்யவில்லை. திங்கட்கிழமை சாயந்திரம் போட்டிக்கு நேரம் முடிகிற சமயத்தில் மனசு கேட்காமல் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அனுப்பினாளா?"

"இல்ல. அடுத்த வருஷமும் போட்டி இருக்காம். பாத்துக்கலாம்னுட்டா."

"உன்கூடப் பேசறாளா?"

"பேசறதா? காலைல அஞ்சு மணிக்கு எனக்கு முன்னாடி குளிச்சிட்டு நிக்கறாடா. நானும் வர்றேன்னு. எங்க பெரிய டாக்டர்கிட்ட கேட்டேன், கேமரா இல்லாம ஓரமா நின்னா நிக்கட்டும்னாரு. மத்தியானம் வரைக்கும் என் பக்கத்துலயே நின்னா. ஒரு வார்த்தை பேசல."

"அப்புறம்?"

பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"முதல் ஆளுக்கு எனக்குக் கை நடுங்கிடுச்சுடா" என்றாள். "வேலைக்குச் சேந்த நாள்லகூட அப்படி நடுங்கினதில்ல."

"ஐயையோ. அந்த ஆளு கத்தினாரா?"

"அவருக்கு என்ன தெரியும்? ஏதோ பேய்ப் படத்தப் பத்திப் பேசிட்டே இருந்தாரு, பேசிட்டே போயிட்டாரு. யாருக்குமே தெரியல." அவள் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அவ கண்டுபிடிச்சிட்டாடா. பட்டுனு என் முகத்தப் பாத்தா."

அதைச் சொல்லும்போது அக்காவுக்கு அவ்வளவு பெருமை.