மூடியை இரண்டு கையாலும் அழுத்தவும்

மாமா தாடையை உடைத்துக்கொண்டது வேலை செய்கிற இடத்தில் என்றால் அத்தைக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று, இருட்டில் கயிறும் சக்கரமுமாகப் புழங்குகிற மனிதர். அங்கெல்லாம் ஒரு கீறல் பட்டது கிடையாது. விழுந்தது சொந்த வீட்டுக் குளியலறையில். வழுக்கிவிட்டது, அவரே பழுது பார்த்துக்கொண்டிருந்த குழாயின் ஒழுகல். பார்த்துக்கொண்டிருந்தார் என்றால், போன வருஷத்திலிருந்து.

"பிளம்பரைக் கூப்பிடலாம்னு சொன்னேன். கேட்டாரா?" என்று ஆம்புலன்ஸில் ஏறும்போதே அத்தை என்னிடம் ஆரம்பித்தார். நான் மாமாவின் அக்கா மகன். வேலைக்காக அவர்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருக்கிறேன். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு பல ராகங்களில் கேட்டாகிவிட்டது.

மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டி அனுப்பினார்கள். எலும்பு கூடும்வரை வாயைத் திறக்க முடியாது. பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஸ்ட்ராவைச் செருகி உறிஞ்சிக்கொள்ள வேண்டும். முதலில் பாலும் ஜூஸுமாக ஓடியது. அடுத்த பரிசோதனையில் எடை மெஷினில் ஏற்றிப் பார்த்த டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"வெறும் தண்ணியா குடிச்சா உடம்பு தாங்காதுங்க. வாழைப்பழம், மாம்பழம், கெட்டித் தயிர், கொஞ்சம் பால். மிக்சியில போட்டு வெண்ணெய் மாதிரி அடிச்சுக் கொடுங்க. கட்டி, நார் எதுவும் இருக்கக் கூடாது, கம்பியில மாட்டிக்கும். ரொம்ப சிம்பிள்."

பிறகு அதே குரலில், "அடுத்த வாரம் இதுக்கும் கீழ எடை இறங்கியிருந்தா அட்மிட் பண்ணி மூக்கு வழியா டியூப் போட வேண்டியதுதான்" என்றார்.

மாமா வீடு வந்து சேரும்வரை மூக்கைத் தடவிக்கொண்டே இருந்தார். உயரத்துக்குப் பயப்படாதவர், கரண்டுக்குப் பயப்படாதவர். ஆனால் தன் உடம்பில் இன்னொரு ஆள் கருவியை எடுத்து வேலை பார்ப்பதை நினைத்தாலே அவருக்கு வியர்த்தது.

"டியூப் வேணாம்." பல்லிடுக்கில் வடிகட்டி வந்தன வார்த்தைகள்.

"அப்ப குடிங்க."

"நீ குடு, நான் குடிக்கிறேன்."

இருவரும் இத்தனை சீக்கிரம் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. அன்று சாயங்காலமே அது முடிவுக்கு வந்தது.

சிக்கல் என்னவென்றால், ஓடுகிற இயந்திரம் எதையும் மாமாவால் சும்மா விட முடியாது.

வேலை இடத்தில் அவருக்கு 'லெவல்' என்று பெயர். லிஃப்ட் வந்து நிற்கும்போது கூண்டின் தரையும் மாடியின் தரையும் ஒரு மயிரிழை பிசகாமல் சேர வேண்டும். சேராவிட்டால் குனிந்து பார்த்து, "லெவல் ஆகல" என்பார். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சாப்பாட்டு நேரம் தாண்டியும் அதையே திருகிக்கொண்டிருப்பார். காவலாளிகளும் துப்புரவுப் பெண்களும் "லெவல் அண்ணன் வந்துட்டாரு, இனி படிதான்" என்பார்கள். ஆனால் அவர் முடித்துக் கொடுத்த லிஃப்ட் மறுபடி மக்கர் பண்ணியதாக யாரும் சொன்னதில்லை.

அதே கைதான் வீட்டிலும். எங்கள் வீட்டு அழைப்பு மணியை ஒரு தடவை அழுத்தினால் அடிக்காது. தெரியாமல் கை பட்டு அடித்துவிடக் கூடாதாம். இரண்டு தடவை அழுத்த வேண்டும். இது தபால்காரருக்குத் தெரியும், சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. அதுவும் ஒரு வசதிதானே என்று மாமா கேட்பார். துணி துவைக்கும் மெஷினின் மூடியைத் திறந்தால் சமையலறை விளக்கு எரியும். ஏன் என்பது அவருக்கே மறந்துவிட்டது. கூடத்து ஃபேனை அணைத்தால் அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே சட்டம். மூட வேண்டியது மூடாமல் எதுவும் நகரக் கூடாது. கதவு மூடாமல் நகர்ந்த லிஃப்ட் ஒன்றை மாமா வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்திருக்கிறார். யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்.

அன்று சாயங்காலம் அத்தை கண்ணாடிக் கடையிலிருந்து வந்ததும் வராததுமாக மிக்சியை எடுத்தார். வருகிறவர்களின் முகத்துக்கு ஏற்ப மூக்குக் கண்ணாடியின் காதுக்கம்பியை வளைத்துப் பொருத்துவது அவர் வேலை. கழுத்தில் கடையின் அட்டை ஆடிக்கொண்டிருந்தது. பழமும் தயிரும் ஜாரில் போய்ச் சேர்ந்தன. மூடியின் ரப்பர் வளையம் எப்போதோ தளர்ந்துவிட்டிருந்ததால் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டேதான் அரைப்பார். அந்த நேரம் பார்த்து வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தாள். அத்தை போனை எடுக்கக் கையை நீட்டினார்.

மூடி பறந்தது. மாம்பழம் மேற்கூரைக்குப் போனது, காலண்டருக்குப் போனது, பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த மாமாவின் புருவத்துக்கும் போனது. மாமா துடைத்துக்கொள்ளவில்லை. மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூடல."

"ரப்பர் லூசுங்க. கைய வெச்சு அழுத்தினா போதும்."

"அழுத்தியிருக்கோம்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

அத்தை என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நொடியில் புரிந்தது.

"வேணாங்க. சொல்றேன், அதத் தொடாதீங்க. ரப்பர் மட்டும் புதுசா வாங்கிக்கலாம்."

நாற்காலி போட்டு ஏறி அத்தை கூரையைத் துடைத்துவிட்டு இறங்குவதற்குள், சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து மிக்சி உறுப்பு உறுப்பாகப் பிரிந்து கிடந்தது.

அடுத்து வந்த நாட்களை அத்தை மத்தாலும் வடிகட்டியாலும் ஓட்டினார். வாழைப்பழத்தைப் பிசைந்து தேநீர் வடிகட்டியில் தேய்த்தால், கீழே சொட்டுகிறது கால் டம்ளர், மேலே நிற்கிறது முக்கால் டம்ளர். ஸ்ட்ரா அடைத்துக்கொண்டது. பெரிய ஸ்ட்ராவும் அடைத்துக்கொண்டது. மாமா கன்னம் குழிய உறிஞ்சி, கண் பிதுங்கி, டம்ளரைத் தள்ளிவிட்டுப் போய் மோட்டாருக்கு எண்ணெய் விட்டார். பெல்ட்டுக்குப் புதிதாக ஒரு ஓட்டை தேவைப்பட்டது. டிரில் மெஷினை எடுத்து மிகக் கச்சிதமாகப் போட்டுக்கொண்டார்.

பொறுக்க முடியாமல் அத்தை பக்கத்து வீட்டு மிக்சியை இரவல் வாங்கி வந்தார். மாமா அதைக் கவிழ்த்து அடியில் இருக்கும் ஸ்க்ரூவை நகத்தால் தடவியதும் வந்த வழியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

மகள் போனில் வகுப்பு எடுத்தாள். "ரொம்ப சிம்பிள்மா. பழத்தத் துண்டு போட்டு ஃப்ரீசர்ல வெச்சிடு. ஐஸ்கட்டி வேணாம், தண்ணி விட்டுடும். முதல்ல பாலும் தயிரும், அது மேல பழம். நடுவுல நிறுத்தாம ஓட விடு, க்ரீம் மாதிரி வரும்."

"உங்கப்பா இருக்காரே."

"அப்பாவுக்கு என்ன?"

"மிக்சிய லிஃப்ட் ஆக்கிட்டிருக்காரு. கூடிய சீக்கிரம் மாடிக்குப் போகும். நீ வந்தா அதுல ஏறி வா."

ஒரு வழியாக மிக்சி திரும்பி வந்தது. அடிப்பாகத்தின் இருபுறமும் இரண்டு தகட்டுக் கைகள் எழும்பி மூடியின் விளிம்புவரை நின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கறுப்புப் பொத்தான். மூடியின் இரு ஓரத்தையும் ஒன்றாக அழுத்தி, இரண்டு பொத்தானும் அமுங்கியிருந்தால்தான் ஓடும். ஒரு கை விலகினாலும் நின்றுவிடும். லிஃப்டுக்குள் ஒட்டுகிற சிவப்புத் தாளில் அறிவிப்பும் இருந்தது: மூடியை இரண்டு கையாலும் அழுத்தவும்.

அத்தை அதை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

"சரி, ரெண்டு கையும் இங்க. சுவிட்சத் திருப்ப மூணாவது கைக்கு நான் எங்க போறது?"

மாமா இதை யோசித்திருக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனால் அசரவில்லை. "மாப்ள இருக்கான்ல."

இப்படித்தான் நான் மூடிக்கு வேலைக்குச் சேர்ந்தேன். நான் அழுத்த, அத்தை திருப்ப, உறைந்த வாழைப்பழம் ஜாருக்குள் கூழாங்கல் போல உருண்டு முட்டியது. மாமா தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். வேலைக்கு அவர் முக்கியமாக எடுத்துக்கொண்டு போவது அந்தக் காதைத்தான். சத்தம் கொஞ்சம் தடித்ததும் கை நீட்டி அணைத்துவிட்டார்.

"மோட்டார் திணறுது."

"பழம்னா திணறத்தான் செய்யும்."

"சூடாகட்டும்னு பாக்கறியா? ஆறட்டும்."

ஆறியது. மறுபடி ஓட்டினோம். மறுபடி அணைத்தார். பழம் இளகி, தயிர் புளித்து, கடைசியில் டம்ளருக்கு வந்தது தண்ணீரில் மிதக்கும் கட்டிகள். ஸ்ட்ரா முதல் இழுப்பிலேயே 'கிர்' என்று நின்றது. அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த வேளையும்.

"லிஃப்டுல பத்து பேரு ஏறினாலும் இப்படித்தான் பாதி வழியில நிறுத்துவீங்களா?" அத்தையின் குரல் கீச்சென்று போனது.

"எட்டு பேருக்கு மேல ஏறினா நகரவே நகராது" என்றார் மாமா.

அத்தை டம்ளரை அப்படியே கொண்டுபோய்க் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார். தலைகூட வாரவில்லை.

அன்று திரும்பி வந்தபோது மாமா நாற்காலியில் தூங்கிப்போயிருந்தார். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடம் விட்டுப்போயிருந்தது. தூக்கத்திலும் ஒரு கை மூக்கின் மேல். அத்தை பையை இறக்கி, பழுத்த வாழைப்பழங்களாகப் பார்த்து உரித்து, துண்டு போட்டு, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வைத்தார். மாம்பழத்தின் நாரைத் தனியாக வழித்து எடுத்தார். எதையும் டப்பென்று வைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் விடுமுறை. அத்தை முதலில் பாலை ஊற்றினார். தயிர், அதன் மேல் மாம்பழம், கடைசியாக உறைந்த வாழைப்பழம். நான் வழக்கம்போல மூடிக்குப் போனேன்.

"நீ தள்ளிக்கோடா. என்னங்க, இங்க வாங்க."

மாமா வந்தார்.

"ரெண்டு கையும் வைங்க."

"நானா?"

"நீங்க செஞ்ச மெஷின்தானே. நீங்க பிடிச்சா என்ன?"

மாமா வைத்தார். இரண்டு பொத்தானும் அமுங்கிய சத்தம் கேட்டது.

"இப்ப பாருங்க. கைய எடுத்தா நிக்கும், உங்களுக்கே தெரியும். எடுக்கணும்னா எடுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நேரா உள்ள போய் ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வைப்பேன்."

சுவிட்சைத் திருப்பினார்.

கூழாங்கற்கள் முட்டின. சத்தம் தடித்தது. மாமாவின் தலை தானாகச் சாய்ந்தது. ஜார் அதிர, தகட்டுக் கைகள் அதிர, அவருடைய முழங்கைவரை அது ஏறியது. மோட்டார் அடித்தொண்டைக்கு இறங்கியபோது வலது கையின் ஆள்காட்டி விரல் மூடியிலிருந்து எழும்பியது. பிறகு நடுவிரல். மாமா அத்தையைப் பார்த்தார். பல்லிடுக்கில் பேசினால் அந்தச் சத்தத்தில் கேட்காது, காட்டுவதற்குக் கை இல்லை.

"அசையாம இருங்க" என்றார் அத்தை. கண்ணாடி மாட்டிப் பார்ப்பவர்களிடம் சொல்கிற குரல். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை.

விரல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. நெற்றியில் வியர்வை வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் வழியில்லை. மோட்டார் இன்னும் ஒரு படி இறங்கி, இதோ நின்றுவிடும் என்கிற இடத்தில், முட்டல்கள் ஒன்றுக்கொன்று தேய்ந்து, திடீரென்று எல்லாம் சேர்ந்து ஒரே ஓட்டமாக மாறியது. மழைக்குப் பிறகு தெருவில் வண்டிகள் போகிற மாதிரி ஒரு மெத்தென்ற ஓசை.

மாமாவின் முகம் தளர்ந்தது. தலையை நிமிர்த்தினார்.

"லெவல் ஆயிடுச்சு."

"ஆகட்டும். இன்னும் கொஞ்சம் பிடிங்க."

டம்ளரில் ஊற்றியபோது அது கொட்டவில்லை, மடிந்து மடிந்து இறங்கியது. அத்தை வடிகட்டியை எடுத்தார். பிறகு கரண்டியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வடிகட்டியை மாட்டியிருந்த இடத்திலேயே மாட்டிவிட்டார். மாமா ஸ்ட்ராவைக் கடைவாயில் செருகிக்கொண்டார். மஞ்சள் மெதுவாக ஏறியது, நிற்காமல் ஏறியது. பாதியில் மூச்சு வாங்க ஒரு தடவை நிறுத்தினார். டம்ளரின் அடியை ஸ்ட்ரா சுரண்டுகிற சத்தம் வந்தது.

"இன்னும் இருக்கா?"

"வாங்க, மூடியப் பிடிங்க" என்றார் அத்தை.

அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் மாமா பிடித்தார். காலையில் அத்தை கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒன்று, வந்ததும் ஒன்று, நடுவில் நான் இருந்தால் எனக்குச் சுவிட்ச் வேலை. ஒவ்வொரு தடவையும் மோட்டார் இறங்கும்போது அவருக்கு வியர்த்தது. மற்ற நேரங்களில் ரப்பர் வளையத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். புதுசு வாங்குவது அல்ல, தானே வார்ப்பது பற்றி.

பரிசோதனை நாளில் எடை மெஷினில் ஏறி நின்றபோது மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா குனிந்து பார்த்தார். எடை இறங்கவில்லை, கொஞ்சம் ஏறவே செய்திருந்தது.

"டியூப் தேவையில்ல. இப்படியே தொடருங்க" என்றவர் அத்தையிடம் திரும்பி, "பாத்தீங்களா, சிம்பிள்தானே?" என்றார்.

அத்தை கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார், அது ஏற்கெனவே மூடியிருந்தது.

கீழே இறங்க லிஃப்டில் ஏறினோம். தரைத்தளத்தில் அது ஒரு சின்னக் குலுக்கலோடு நின்றது. கதவு திறந்தது. வெளியே காலை வைக்கப்போன மாமா அப்படியே நின்று, குனிந்து, இரண்டு தரைகளும் சேருமிடத்தைப் பார்த்தார். வெளியே சக்கர நாற்காலியோடு ஒருவர் காத்திருந்தார்.

"லெவல் ஆகல." மாமாவின் கை சட்டைப் பைக்குப் போனது. ஸ்க்ரூடிரைவர் அங்கே இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வரும்போதுகூட.

அத்தை அந்தக் கையைப் பிடித்தார். மற்றொரு கை கதவை நோக்கிப் போனது, அதையும் பிடித்தார்.

"நடங்க."

மாமா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஆட்டோ நிறுத்தம் வரும்வரை அத்தை இரண்டு கைகளையும் விடவில்லை.