வண்டல் என்று எழுதிய கடல்

தை மாதத்துச் சனிக்கிழமை, காலை ஏழு மணி. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினத்துக்குத் தனியாகப் புறப்பட்டேன். படகிலிருந்து கடலுக்குள் ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதைக் காகிதச் சுருளில் பதிவதுதான் என் வேலை. ஆடியில் கடலடியை ஒட்டி மெல்லிய கீற்றாக விழுந்த கறுப்புப் பட்டை, கார்த்திகை மழைக்குப் பின் தடித்திருந்தது. வெள்ளம் கொண்டுவந்த வண்டல் என்று எழுதிவிட்டேன். வயல்காட்டில் பிறந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? திங்கட்கிழமை பேராசிரியரிடம் அறிக்கை கொடுக்க வேண்டும்; அதற்குமுன் கடைசியாக ஒரு பதிவு பாக்கி.

ஒன்பது மணி. மன்னார்குடி தாண்டி எட்டாவது கிலோமீட்டரில் பஸ் நின்றது. அறுவடைக் கூலிக்காக மறியல். சிவப்புக் கொடிகளுக்கு நடுவே என் அண்ணன் உட்கார்ந்திருந்தார். எங்களுக்குள் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஊரில் கூலித் தகராறு வந்தபோது படிப்பைக் காட்டி ஒதுங்கிக்கொண்டவன் நான். இறங்கிப்போய், மதியம் படகைப் பிடிக்க வேண்டும், வழிவிடுங்கள் என்று கேட்டேன்.

"எங்களுக்கும் அவசரந்தான் தம்பி. உள்ள போயி ஒக்காரு" என்றார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நாலு மணி நேரம் ஜன்னலோரம் வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணிக்கு, நின்ற பஸ்களை மட்டும் விட்டுவிட்டு அவர்கள் மறுபடி ரோட்டில் உட்கார்ந்தார்கள்.

மாலை நாலு மணி. படகோட்டி மாணிக்கம் முணுமுணுத்துக்கொண்டேதான் படகை எடுத்தார். முன்பெல்லாம் உச்சிவெயிலில்தான் பதிந்திருக்கிறோம். இருபது பாகம், அதாவது நூற்றிருபது அடி ஆழத்தில் கருவியை ஓட்டினேன். பட்டை அடியில் கிடந்தது. வெயில் இறங்க இறங்க அது மேலே ஏறத் தொடங்கியது. கருவி கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன்.

"வண்டல் எங்கயாவது மேல ஏறுமா சார்? கூனி எறாலா இருக்கும். வலையப் போடுங்க" என்றார் மாணிக்கம்.

வலையில் கஞ்சிபோல் வந்தன, கடுகளவு இறால் மாதிரியான உயிர்கள். ஆற்றுநீரின் சத்தில் நுண்பாசி வளர்ந்து, அதைத் தின்று இவை பெருகியிருக்கின்றன. பகலெல்லாம் அடியில் கிடந்து, பொழுது சாயும்போது மேய வருகின்றன. இரண்டு பருவமாக உயிரை மண் என்று எழுதியிருக்கிறேன். சந்தோஷத்தில் சுருளை மறுபடி மறுபடி விரித்துப் பார்த்தேன். மாணிக்கம் கரைக்குத் திரும்பும் அவசரத்தில் இருந்தார். உட்கார்ந்து சொல்ல எனக்கு ஒருவருமில்லை.

ஞாயிறு காலை எட்டு மணி. அண்ணனிடம் சொல்ல வேண்டியதைத் திரும்பும் பஸ்ஸில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்: நீங்கள் மறிக்காமல் இருந்தால் நான் தப்பான அறிக்கையைத்தான் கொடுத்திருப்பேன். மறியல் நடந்த இடத்தில் ஒற்றைச் செருப்புகள் சிதறிக் கிடந்தன. வயலில் நெல் அறுக்காமல் நின்றது.

"நேத்து சாயங்காலமே எல்லாரையும் போலீஸ் லாரில ஏத்திட்டுப் போயிட்டாங்க" என்றார் கண்டக்டர்.

தஞ்சாவூர் வரை டிக்கெட் எடுத்திருந்தும் மன்னார்குடியில் இறங்கினேன். அறிக்கை ஒருநாள் பிந்தட்டும். டீக்கடையில் போலீஸ் ஸ்டேஷனுக்கு வழி கேட்டேன். அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று கடைக்காரர் விசாரித்தார்.

"எங்க அண்ணன" என்றேன். அப்படிச் சொல்லி இரண்டு வருடமாகியிருந்தது.