ஒடிலோன் பாக்கேக்கு ஊரே போட்ட ஆணி

மொந்த்ரவேல் ஊர்க்காரர் ஒடிலோன் பாக்கே கூரைக்கு ஓடு போடுகிறவர். வருஷத்தில் இரண்டே நாள் தொழில்முறை சைக்கிள் பந்தய வீரர். பாரிஸில் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தபோது அப்படித்தான் எழுதச் சொன்னார். எழுதினவர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாராம்.

போன வருஷம் பந்தயம் சொந்த ஊர் வழியாகப் போனது. பாதிரியார் முதல் பால்காரி வரை பார்த்துக்கொண்டிருக்க, நடுச் சதுக்கத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார் மனிதர். அன்றிலிருந்து எந்தக் கூரையில் ஏறினாலும் கீழேயிருந்து ஒரு குரல் வரும்: "பாத்து ஒடிலோன், பாதியில எறங்கிடாதே!"

இந்த வருஷம் கிளம்பும்போது அவர் மனைவி ஸெலி சொன்னாள்: "முடியலேன்னா விட்டுடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா நம்ம ஊர்ல மட்டும் விட்டுத் தொலைக்காதே. இன்னொரு வருஷம் இந்தச் சிரிப்பை என்னால கேக்க முடியாது."

ஸெலியின் தம்பி ஃபுல்பேர் ஒரு திட்டம் போட்டான். மாமா ஊருக்குள் நுழைந்ததும், பின்னால் வருகிறவர்களுக்கு எல்லையில் ஆணி. நல்ல திட்டம்தான்! ஆனால் இருநூறு கிலோமீட்டர் புழுதியில் வந்தவனுக்கு முகம் என்று ஒன்று இருக்காது என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. முதலில் வந்தவரின் மீசையைப் பார்த்ததும் "நம்ம ஆளுடா!" என்று ஊரே பாய்ந்தது. சூப் கொடுத்தார்கள், கன்னத்தில் மாறி மாறி முத்தம் கொடுத்தார்கள். வந்தவரோ லியோன் ஊர்க்காரர்; எதையும் மறுக்கவில்லை. அவர் போனதும் கூடை கூடையாக ஆணி விழுந்தது.

இரண்டாவதாக வந்தவர்தான் ஒடிலோன். வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டாவது! ஊர் எல்லையில் இரண்டு டயரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டன. ஓர் ஆணியைப் பிடுங்கிப் பார்த்தார். சதுரத் தலை. அவருடைய பட்டறை ஆணியேதான்.

"எவன்டா போட்டது?"

"நாங்கதான், எங்க மாமனுக்காக!" என்றான் ஃபுல்பேர் நெஞ்சை நிமிர்த்தி. அப்புறம் உற்றுப் பார்த்தான். "ஐயோ, மாமா நீயா? அப்ப அங்க போனது யாரு?"

"அது நானா இருந்தா இங்க எதுக்குடா நிக்கறேன்!"

சைக்கிளை அடுத்தவர் தொடக்கூடாது என்பது விதி. பந்தயக் கண்காணிப்பாளர் முறைத்துக்கொண்டு நின்றார். கையால் உதவ முடியாத ஊர் வாயால் உதவியது. "ரொட்டி மாவை அடைச்சுப் பாரேன்" என்றார் ரொட்டிக் கடைக்காரர். தோளில் மாட்டியிருந்த மாற்று டயர்கள் இரண்டையும் போட்டுப் பார்த்தார்; பத்தடிக்குள் அவையும் செத்தன. ஒடிலோன் கடைசியில் வைக்கோலைத் திணித்தார். பின்னால் வந்த பதினொரு பேரும் விஷயம் கேள்விப்பட்டு வயல் வழியாக நழுவிவிட்டார்கள்.

வைக்கோல் சக்கரத்தில் குதித்துக் குதித்துச் சதுக்கத்துக்கு வந்து, பந்தயக்காரர்கள் வைத்திருந்த பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார் ஒடிலோன். முதுகை நிமிர்த்தி, ராஜா மாதிரி கையசைத்து ஊரைத் தாண்டினார். எதிர் எல்லைக் கல்லைக் கடந்து, திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. சைக்கிளோடு அப்படியே பள்ளத்தில் சாய்ந்தார்.

"இவ்வளவு நேரமா?" என்று மரத்தடியிலிருந்து ஒரு குரல். கழுதை வண்டியில் ஸெலி, மடியில் சூப் பானை. "நீ வைக்கோல் அடைக்கறப்பவே வண்டியைப் பூட்டிட்டேன்."

ஒடிலோனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கல்லைத் தாண்டிட்டேன், ஸெலி."

"பாத்தேன். மூணு அடி நல்லாவே தாண்டியிருக்கே. இப்ப அழு. இங்க நானும் கழுதையும்தான்."