சுண்ணாம்பு கரைத்த ஊறல்

இனிப்பைப் புளிக்கவிடாமல் காப்பதுதான் பஞ்சம்மாளின் பிழைப்பு. உச்சிப்புளிக்குத் தெற்கே, புருஷன் பூமிநாதன் பனையேற, இருபது வருஷம் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவிக் கொடுத்துப் பதநீர் காய்ச்சியவள். தடவாத கலயம் ஒரே பொழுதில் கள்ளாகிவிடும்.

மதுவிலக்கு வந்த புதிதில் அதே ஊரில் திருட்டுச் சாராயம் காய்ச்சிய மலையாண்டி, அதற்குப் புளிக்கவைக்கும் ஊறல் பானைகளைப் பூமிநாதனின் குத்தகைக் காட்டில் புதைத்துவைத்தான். போலீஸ் தோண்டி எடுத்ததும் தன்னுடையது இல்லை என்று கைகழுவிவிட்டான். பூமிநாதன் ஜெயிலுக்குப் போய் வயிற்றுக்கடுப்பில் அங்கேயே செத்தான். அந்தப் பாவி கருமாதிக்கு வந்து சாப்பிட்டும் போனான். பிறகு, இரக்கப்படுபவன் போல அவளைத் தண்ணீர் சுமக்கக் கூப்பிட்டான். போனாள். ஊர் காறித் துப்பியது. துப்பட்டும் என்று இருந்தாள்.

பானைகள் இப்போது அவன் மாட்டுக்கொட்டகையில், மண்ணுக்குள். காட்டிக்கொடுக்க எவ்வளவு நேரமாகும்? ஆனால் புதைத்த பானைக்கு அவன் பண்ணையாளைக் கைகாட்டிவிடுவான். அவன் கை பானைக்குள் இருக்கும்போதே பிடிபட வேண்டும். பொங்காத ஊறலை அவனே மேலே எடுத்துக் கொட்டித்தானே ஆகவேண்டும்?

ஊறலுக்கு ஊற்றிய ஒவ்வொரு குடத்திலும் சுண்ணாம்பைக் கரைத்தாள். கருப்பட்டி கரைந்தது, வேலம்பட்டை ஊறியது, நுரை மட்டும் வரவில்லை. நவச்சார உப்பைத் தின்றுதான் ஊறல் பொங்கும் என்பது மலையாண்டியின் கணக்கு. ஒரு பிடி போட்டான். பொங்கவில்லை. இன்னும் இரண்டு பிடி போட்டான். சுண்ணாம்போடு சேர்ந்த நவச்சாரம் மூக்கைப் பிய்க்கும் நெடியைக் கிளப்பியது. மாட்டு மூத்திர வாடை என்று அந்த மடையன் கொட்டகையைக் கழுவச் சொன்னான். மூன்றாம் நாள் மாடுகளே உள்ளே நிற்கவில்லை.

“தாலியறுத்தவ கை பட்டுத்தான் ஊறல் செத்துப்போச்சு,” என்றான், அறுக்கவைத்தவன். “நாளைக்கு மத்தியானம் எல்லாத்தையும் மேல எடுத்துக் கொட்டப்போறேன். நீ இந்தப் பக்கமே வராத.”

மறுநாள் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. விடிந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நேரத்தைச் சொன்னாள். மத்தியானம் அவர்கள் நுழைந்தபோது மலையாண்டி முழங்கை வரை ஊறல் சொட்டச் சொட்ட நின்றான். பானைகள் பண்ணையாளுடையவை என்றான். ஏட்டு அவன் கையைப் பார்த்துச் சிரித்தார்.

வண்டியில் ஏற்றும்போது பஞ்சம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“ஏலே மலையாண்டி, சுண்ணாம்பு போட்டது நாந்தான். உள்ள கெடக்கையில நெனச்சுக்க.”

அவன் முகம் செத்துப்போனதைக் கண்குளிரப் பார்த்தாள். ஆறு மாதத்தில் அவன் உயிரோடு திரும்பி வந்துவிடுவானே என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறவில்லை.