செல்வி அம்மா கேட்ட கேள்வி

இன்று காலை சின்னசேலத்தில் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் என்னையே பார்த்தார்.

"டாக்டரம்மாதானே? நான் செல்வி அம்மாங்க."

செல்வி கல்வராயன் மலைப் பிள்ளை. ஏழு வயது. ரத்தப் புற்றுநோய். போன வருஷம் என் வார்டில்தான் இறந்தாள்.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மரவள்ளி புடுங்கிக்கினு இருந்தோம்ங்க. புள்ளைக்கு சொரம் வந்தப்போ வேல முடியட்டும்னு பத்து நாளு தள்ளிப்போட்டுட்டன். அன்னிக்கே இட்டாந்திருந்தா பொழைச்சிருக்குமா?"

"இல்லைம்மா. எப்போ வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். உங்க மேல தப்பே இல்லை."

"மெய்யாலுமாங்க?"

"சத்தியமா."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கள்ளக்குறிச்சியில் மலை பஸ்ஸுக்குப் போகும் முன், "இன்னிக்காவது தூக்கம் வருங்க" என்றார்.

அந்தப் பத்து நாளில்தான் குழந்தையின் உடம்பெல்லாம் கிருமி பரவியது. முன்பே வந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாள். அது எனக்குத் தெரியும்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உண்மையைத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். என்ன, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.